பணம் கட்டுவது ஒருவர், தங்குவது வேறொருவர்

கேள்வி: மேடம், எனக்கு 44 வயது. திருச்சி பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். பதினைந்து வருடம் குடித்தவன். குடியை விட விரும்புகிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களால் ஏழு வருடமாகக் குடிக்காமல் இருக்கிறேன். மருத்துவமனையில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறவர்கள், வீட்டுக்குப் போன சில நாட்களிலேயே மறுபடி குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்கள் சேர்ந்து தங்க 'சோபர் ஹவுஸ்' உண்டு என்று நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன் சொல்கிறான். அப்பா விட்டுப்போன ஐந்து அறை வீடு ஒன்று சும்மா கிடக்கிறது. எட்டு ஆண்களைத் தங்கவைக்கலாம் என்று நினைக்கிறேன். இதற்கு லைசென்ஸ் வேண்டுமா? விஷயம் கேள்விப்பட்டு இப்போதே நான்கு குடும்பங்கள் வந்துவிட்டன. "கேட்டைப் பூட்டுங்கள், போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுங்கள், எவ்வளவு ஆனாலும் கட்டுகிறோம்" என்கிறார்கள். யாராவது உள்ளேயே குடித்துவிட்டால் என்ன செய்வது? என் பட்டறையிலேயே அவர்களுக்கு வேலை கொடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்தது உண்மைதான். சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்களில்தான் சறுக்கல் அதிகம். அதே தெரு, அதே நண்பர்கள், அதே கடன்காரர், வீட்டில் அதே சந்தேகப் பார்வை. இந்த இடைவெளியில் தங்க ஓர் இடம் கிடைத்தால் பலர் தப்பிப்பார்கள். சிகிச்சையே எட்டாக்கனியாக இருக்கும் நாடு இது. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருந்தது. சிகிச்சைக்குப் பிறகான வீடுகள் அதைவிட அரிது. அதனால் உங்கள் எண்ணத்தை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் அந்த நான்கு குடும்பங்கள் கேட்டதைப் படித்தபோது பயமாக இருந்தது. நீங்கள் எதையும் தொடங்குவதற்கு முன்பே, தப்பான வீட்டை நடத்தச் சொல்லி உங்கள் கையில் பணம் திணிக்கப்படுகிறது.

உங்கள் தம்பி சொன்ன வீடுகளில் மிகப் பழையதும் பெயர்பெற்றதும் ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ். 1975-இல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் ஊரில், சிகிச்சை முடித்தவர்கள் வீடு திரும்பும் முன் தங்குவதற்காக அரசு நடத்திவந்த இல்லம் ஒன்றை மூடப்போவதாகச் சொன்னார்கள். அங்கே தங்கியிருந்த பால் மொல்லாய் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அந்த வீட்டைத் தாங்களே வாடகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். இன்றுவரை அவர்களுக்கு அடிப்படை விதிகள் மூன்றுதான். வீட்டை ஓட்டுப்போட்டு நடத்த வேண்டும், செலவைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும், குடித்தவர் வெளியேற வேண்டும். வார்டன் கிடையாது. புதிதாக ஒருவரைச் சேர்க்கவேண்டுமென்றால் இருப்பவர்களில் 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். இதில் நீங்கள் கவனிக்கவேண்டியது, அங்கே வாடகை கொடுப்பவரும் தங்குபவரும் ஒரே ஆள். வீடு சரியில்லை என்றால் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

அதே அமெரிக்காவில் பணம் கட்டுபவரும் தங்குபவரும் வேறுவேறாகிப்போன இடங்களில் என்ன நடந்தது தெரியுமா? அரிசோனாவில் 2023-இல் ஒரு பெரிய மோசடி வெளியே வந்தது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து பணம் கறப்பதற்காகவே போலி வீடுகள் முளைத்திருந்தன. அமெரிக்கப் பழங்குடி மக்களைக் குறிவைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து அடைத்துவிட்டு, கொடுக்காத சிகிச்சைக்கு பில் போட்டார்கள். அரசு பணத்தை நிறுத்தியதும் பல வீடுகள் மூடப்பட்டன. தங்கியிருந்தவர்கள் ஊர் திரும்ப வழியில்லாமல் ஃபீனிக்ஸ் நகரத் தெருக்களில் நின்றார்கள். ஃப்ளோரிடாவில், காப்பீட்டுப் பணம் தீரத்தீர ஆட்களை ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளி, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தரகர்கள் கமிஷன் வாங்கினார்கள்.

நம் ஊரில் அரசு காப்பீட்டின் இடத்தில் குடும்பம் நிற்கிறது. அம்மாவின் நகை, மனைவியின் சேமிப்பு, அண்ணனின் கடன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, களைத்துப்போனவர்கள். பல வருடம் அடியும் அவமானமும் பட்டவர்கள். ஆனாலும் பணம் அவர்களிடமிருந்து வருகிறது என்பதற்காக அவர்கள் சொன்னபடி ஆடினால், உங்கள் வீட்டில் படுத்துறங்குகிறவருக்கு அங்கே யாருமே இல்லை என்றாகிவிடும். எந்த முடிவு எடுத்தாலும், பணம் கட்டுகிறவரைத் திருப்திப்படுத்தவா, உள்ளே இருப்பவருக்கு நல்லது என்பதாலா என்று கேட்டுப்பாருங்கள். நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் நான் அங்கிருந்துதான் பதில் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. சிகிச்சைக்கு மட்டுமல்லாமல், தேறிவரவும் மறுவாழ்வுக்கும் ஆட்களைத் தங்கவைக்கும் இடங்களையும் அது மனநல நிறுவனம் என்றே பார்க்கிறது. அதனால் "நாங்கள் வெறும் விடுதிதான்" என்ற சமாதானம் வேண்டாம். மாநில மனநல ஆணையத்தில் பதிவுசெய்யாமல் நடத்தினால் முதல்முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மறுபடி செய்தால் அது 5 லட்சம் வரை போகும். உங்கள் திட்டத்தை எழுத்தில் வைத்து ஆணையத்தை அணுகுங்கள். எந்த வகையில் பதிவு வேண்டும், எந்தத் தரம் பொருந்தும் என்பதை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கவே வேண்டாம், அதற்குச் சட்டமும் ஏற்பாடும் வேறு.

கேட்டைப் பூட்டுவது பற்றி. சம்மதமில்லாத ஒருவரைச் சேர்க்க அந்தச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அவரை இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். நோயின் தீவிரம் இன்னின்ன அளவில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. முதலில் 30 நாள்தான், அதற்கு மேல் வேறு நடைமுறை. அது மருத்துவமனைக்கான பாதை. மனநல மருத்துவர் பொறுப்பில் இல்லாத ஒரு வீட்டில், வெளியே போகிறேன் என்று சொல்லும் மனிதரைப் பூட்டிவைத்தால் அது சட்டவிரோதச் சிறைவைப்பு. இரவில் நான்கு பேர் போய், தூங்குகிறவரை வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு வரும் வழக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணமே வாங்குகிறார்கள். அப்படி வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். குடியை விட்டவர்கள்கூட அந்த இரவை மறப்பதில்லை, அனுப்பிவைத்த அண்ணனை மன்னிப்பதுமில்லை. உங்கள் வீட்டுக்கு வருகிறவர் தன் காலால் வரட்டும், தன் கையால் கையெழுத்துப் போடட்டும். சேரும் முன் ஒரு முறை வந்து பார்த்து, ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

போன், உடை, முடி, வேலை எல்லாவற்றுக்கும் அதே சட்டம் பதில் வைத்திருக்கிறது. போன் பேசவும் பார்வையாளரைச் சந்திக்கவும் அவருக்கு உரிமை உண்டு. மொட்டையடிக்கக் கூடாது. சொந்த உடை உடுத்த விரும்பினால் தடுக்கக் கூடாது. சங்கிலியில் கட்டுவது எந்த வடிவத்திலும் கூடாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் 28 பேர் ஏன் தீயில் கருகினார்கள் என்பதை நம் மாநிலத்தில் இந்த வேலைக்கு வருகிற எவரும் மறக்கக் கூடாது. கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டதும் பெரும்பாலும் நம்பிக்கையோடு வந்த குடும்பங்கள்தான்.

போனில் கட்டுப்பாடு வேண்டும் என்றால் அதை வீட்டில் இருக்கிறவர்களே பேசி முடிவு செய்யட்டும். சாப்பாட்டு நேரத்திலும் கூட்டத்தின்போதும் போன் வேண்டாம், இரவு பத்து மணிக்கு மேல் கூடத்தில் வைத்துவிடலாம் என்று அவர்களே போட்டுக்கொண்ட விதி நிற்கும், நீங்கள் பிடுங்கினால் நிற்காது.

இப்போது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நேற்றுவரை குடித்தவரை இன்று உங்கள் வீட்டில் சேர்க்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும். இல்லாத ஆளோடு பேசுவார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், நாள் கிழமை தெரியாது. இதை "நடிக்கிறான்" என்று அடித்த இடங்கள் உண்டு, மந்திரிக்கக் கூட்டிப்போன குடும்பங்கள் உண்டு. சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போகும். அந்த நாட்கள் மருத்துவமனையில்தான் கழிய வேண்டும். நாளம் வழியாக குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் என்கிற பி1 வைட்டமின் போடவேண்டும் என்பது போன்ற, வீட்டில் யாருக்கும் தெரியாத நுணுக்கங்கள் அங்கே இருக்கின்றன. மருத்துவமனையில் இருந்து டிஸ்சார்ஜ் சம்மரியோடு, குடித்துப் பத்து நாளாவது ஆனவரை மட்டும் எடுங்கள். யாருக்காவது நடுக்கமோ குழப்பமோ தெரிந்தால் காலைவரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

சாப்பாட்டில் மாத்திரை கலக்கச் சொன்னார்களே, அது அநேகமாக டைசல்ஃபிரம். மருத்துவர் மேற்பார்வையில், விவரம் தெரிந்து, தானே விரும்பி எடுத்துக்கொள்கிறவருக்கு அது உதவும் மருந்து. எடுத்த பிறகு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவர் இறந்துகூடப் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம்வரை இந்த ஆபத்து இருக்கும். தனக்குத் தெரியாமலே அதைத் தின்றவர் வெளியே போய் ஒரு குவார்ட்டர் குடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப்பாருங்கள். சட்டப்படி இது குற்றமா என்ற விவாதத்துக்கே போகவேண்டியதில்லை, இது ஏறக்குறைய விஷம் வைப்பது போல. அந்தக் குடும்பத்திடம் "முடியாது" என்று நேராகச் சொல்லுங்கள். அந்த அம்மாவையோ மனைவியையோ குடிநோயாளர் குடும்பங்களுக்கான அல்-அனான் கூட்டத்துக்கு அனுப்புங்கள், அவர்களுக்கும் ஆதரவு வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. ஏ.ஏ. வழியில் நலமடைந்த நல்ல மனிதர்கள் நடத்தும் இடங்களிலேயே அதைப் பார்க்கிறேன், அதனால் உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன். "மாத்திரையும் ஒரு போதைதான், இங்கே வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும்" என்பார்கள். மனச்சோர்வுக்கு, வலிப்புக்கு, மனச்சிதைவுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்ததை நிறுத்த உங்களுக்கோ எனக்கோ அதிகாரம் இல்லை. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற, குடி ஏக்கத்தைக் குறைக்கும் மருந்துகள் அடிமையாக்குவதில்லை. ஊசிப் போதையிலிருந்து வருகிறவர்களுக்கு அரசு மையங்களிலேயே ப்யூப்ரெனார்ஃபின் என்கிற மாற்று மருந்து கொடுக்கிறார்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் பழைய போதைக்குத் திரும்புவது ஏறக்குறைய நிச்சயம். சில வாரம் விலகியிருந்த உடல், பழைய அளவைத் தாங்காது. மறுபடி போட்ட முதல் ஊசியிலேயே மூச்சு நின்று இறக்கிறவர்கள் பலர். மாத்திரைகளைப் பூட்டிய பெட்டியில் வைத்து, நேரத்துக்கு அவரவர் கையில் கொடுத்து, அவரவரையே நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் போதும்.

உள்ளே ஒருவர் குடித்துவிட்டால்? ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸில் ஓட்டுப்போட்டு அன்றே அனுப்பிவிடுவார்கள். மற்ற ஏழு பேரைக் காப்பாற்ற அது தேவை என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் நிலைமையில் இரவு பதினொரு மணிக்கு ஒருவரைத் தெருவில் விட்டால் அவர் பேருந்து நிலையத்திலோ தண்டவாளத்திலோ கிடப்பார். குடித்த இரவின் வெட்கத்தில் தற்கொலை எண்ணம் வருவதும் அடிக்கடி நடப்பது. என் யோசனை இது. சேரும் நாளிலேயே "சறுக்கினால் என்ன செய்வது" என்று அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். யாரைக் கூப்பிட வேண்டும், எந்த மருத்துவமனை, யார் வீட்டில் அன்றிரவு தங்குவது, மறுபடி சேர எத்தனை நாள் கழித்து வரலாம். அன்றிரவு அவர் தனியறையில், பக்கத்தில் ஓர் ஆளோடு இருக்கட்டும், இல்லையென்றால் மருத்துவமனைக்குப் போகட்டும். அடி, திட்டு, எல்லார் முன்னாலும் நிற்கவைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்வது எதுவும் வேண்டாம். உதவி எண்களைக் கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்: மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446.

ஊதும் கருவியோ சிறுநீர்ச் சோதனையோ வைத்தால் உங்களையும் சேர்த்து எல்லாருக்கும் வையுங்கள். சோதனைப் பட்டை காட்டியதை வைத்து மட்டும் ஒருவரை அனுப்பிவிடாதீர்கள், இருமல் மருந்துகூடச் சில சோதனைகளைக் குழப்பும். கேமரா வாசலில் போதும். படுக்கையறையிலும் குளியலறையிலும் கூடவே கூடாது.

பணம். "மூன்று மாதப் பேக்கேஜ், முன்பணம் திரும்பாது" என்ற ஏற்பாட்டை விட்டுவிடுங்கள். அப்படி வாங்கினால் ஒருவர் பத்தாம் நாள் சறுக்கிப் போவது உங்களுக்கு லாபம் ஆகிவிடும், தேறியவரைப் பிடித்துவைப்பதும் லாபம் ஆகிவிடும். மாதாமாதம் வாங்குங்கள். நடுவில் போனால் தங்காத நாட்களுக்குக் கணக்குப்போட்டுத் திருப்பிக் கொடுங்கள், குடித்துவிட்டுப் போனவருக்கும்தான். வாடகை, மளிகை, சமையல் ஆள் சம்பளம், கரண்ட் என்று வீட்டுச் செலவை எல்லார் பார்வைக்கும் எழுதிவையுங்கள். வேலைக்குப் போகத் தொடங்கியவர் தன் பங்கில் ஒரு பகுதியையாவது தானே கட்டட்டும். ஆள் அனுப்புகிற மருத்துவருக்கோ ஆம்புலன்ஸ்காரருக்கோ ஒரு ரூபாய்கூடக் கமிஷன் கொடுக்காதீர்கள். மருத்துவர்கள் அப்படி வாங்குவது அவர்களுடைய தொழில் நெறிமுறையிலேயே தடைசெய்யப்பட்டது. குடும்பம் போன் செய்து கேட்டால், அவர் சொல்லலாம் என்று அனுமதித்ததை மட்டும் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே விதிவிலக்கு. "எங்கள் வெற்றிக் கதைகள்" என்று முகம் தெரியும் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விடுவதும் வேண்டாம். ஏ.ஏ. கூட்டத்தில் பெயர் வெளியிடாமையின் அருமையை நீங்களே அனுபவித்திருப்பீர்கள்.

பட்டறை வேலை பற்றிய உங்கள் ஆசை நல்ல மனதிலிருந்து வந்தது, ஆனாலும் வேண்டாம் என்பேன். வீட்டுக்காரரும் முதலாளியும் ஒருவராக இருந்தால், உங்களிடம் சண்டைபோட அவருக்கு வழி இருக்காது. ஒரு நாள் சறுக்கினால் கூரையும் சம்பளமும் ஒன்றாகப் போய்விடும். புதிதாகக் குடியை விட்டவரின் கை வெல்டிங்கிலும் கட்டிங் மெஷினிலும் இருப்பதும் ஆபத்து. 'வேலையே சிகிச்சை' என்ற பெயரில் சம்பளமில்லாமல் செங்கல் சுமக்கவைத்த இடங்கள் உண்டு. கட்டாய வேலை கூடாது, செய்த வேலைக்குக் கூலி உண்டு என்று சட்டமே சொல்கிறது. உங்கள் தொழில் வட்டத்தில் நம்பிக்கையான வேறொரு பட்டறைக்காரரிடம் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். சொந்தத் துணியைத் துவைப்பது, முறைவைத்துக் காய் நறுக்குவது, கூடத்தைப் பெருக்குவது எல்லாம் வீட்டுக்குள் சாதாரணம், நீங்களும் அந்த முறைப் பட்டியலில் இருந்தால்.

கட்டடத்துக்குச் சில வார்த்தை. வெளியே போக இரண்டு வழி. இரவில் உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் கதவு. சிலிண்டர் வெளியில். தீயணைப்புக் கருவி, அதைப் பயன்படுத்தத் தெரிந்த இரண்டு பேர். மொட்டைமாடிக்கு உயரமான சுவர், கிணறு இருந்தால் மூடி. அப்பா காலத்து வயரிங்கை ஓர் எலக்ட்ரீஷியனைக் கொண்டு முழுதாகப் பாருங்கள். ஐந்து அறையில் எட்டுப் பேர் என்பது சரியான கணக்கு, ஒன்பதாவது ஆளுக்குக் கூடத்தில் பாய் போடாதீர்கள்.

உங்கள் மேல் புகார் சொல்ல வழியும் நீங்களே வைக்க வேண்டும். மனநல மறுஆய்வு வாரியத்துக்கு எழுதலாம், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார், அதற்கான எண் 15100 என்று வாசலிலேயே ஒட்டுங்கள். உங்களுக்குத் தெரிந்தவராக இல்லாத ஒருவர், ஓய்வுபெற்ற செவிலியரோ ஆசிரியரோ, மாதம் ஒருமுறை வந்து தங்கியிருப்பவர்களோடு நீங்கள் இல்லாமல் பேசிவிட்டுப் போகட்டும். அவர் சொல்வது கசந்தாலும் கேளுங்கள்.

உதவிக்கு ஆள் வைக்கும்போது, குடியை விட்டு இரண்டு வருடமாவது ஆனவராகப் பாருங்கள். சோற்றுக்கும் படுக்கைக்கும் வேலைசெய்ய, குடியை விட்டு ஆறு மாதமே ஆன பையன் ஒருவன் கிடைப்பான். அவனை அப்படி வைத்துக்கொள்வது அவனுக்குச் செய்யும் அநியாயம். சம்பளம், விடுமுறை, என்ன வேலை என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தங்கியிருப்பவருக்குக் கடன் கொடுப்பது, வாங்குவது, கை ஓங்குவது மூன்றும் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. எட்டுப் பேரின் ஏக்கத்தையும் கோபத்தையும் தினமும் பார்க்கிறவருக்கும் சறுக்கல் வரும், ஏழு வருடம் அதற்குக் காப்பு இல்லை. உங்கள் சொந்த ஏ.ஏ. கூட்டத்தை அந்த வீட்டுக்கு மாற்றாதீர்கள். அங்கே நீங்கள் பொறுப்பாளர், மனதைத் திறந்து பேச முடியாது. பழைய இடத்துக்கே போங்கள், ஏ.ஏ.வில் உங்களுக்கு வழிகாட்டும் மூத்தவரான பழைய ஸ்பான்சரிடமே பேசுங்கள். முதல் ஆறு மாதம் நான்கு பேருக்கு மேல் எடுக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் பொறுப்பை இன்னொருவரிடம் விட்டுவிட்டு நீங்கள் உங்கள் வீட்டில் தூங்கும் ஏற்பாடு முடிவான பிறகு, முதல் ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.